திரையில் பதினான்கு

அந்த மணியை வாங்கி வந்து சுவரில் மாட்டியவள் நான்தான். தீயணைப்புச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. சிவப்பு நிறம், சாப்பாட்டுத் தட்டு அளவு. வேலைக்கூடத்தின் நடுச்சுவரில் அதை அறைந்து, ஒயர் இழுத்து, சோதனைக் கணினியோடு இணைத்தேன். யார் எழுதிய நிரலாவது ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விழுந்தால் மணி அடிக்கும். எழுதியவர் எழுந்துபோய், மணிக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பலகையில் தான் செய்த தப்பைத் தன் கையாலேயே எழுத வேண்டும். மீதிப் பதினாறு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மணி வந்த பிறகு பிழைகள் பாதியாகக் குறைந்தன என்று மேலாளர் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதற்கும் முன்பே மேசைக்கு மேசை ஒரு விளக்கு உண்டு. கம்பைலர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் விளக்கு சிவக்கும். விளக்குக்கு நான் பெரிதாகக் கோபப்பட மாட்டேன். அடைப்புக்குறியை மூட மறப்பது, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் போடுவது, அறிவிக்காத பெயரைப் பயன்படுத்துவது, இதெல்லாம் கம்பைலர் பிடித்துவிடும். முழுக் கோப்பையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, ஓடவிடுவதற்கு முன்னாலேயே, எந்த வரியில் என்ன தப்பு என்று பட்டியல் போட்டு முகத்தில் எறிந்துவிடும். அழுதுவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஓடும்போது விழுகிற பிழைதான் மோசம். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், கம்பைலரும் தலையாட்டி உள்ளே விட்டிருக்கும். பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும்போது, அல்லது இல்லாத ஒன்றை எடுக்கக் கை நீட்டும்போது பொத்தென்று விழும். மணி அதற்காக.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. எழுதியது சரி, ஓடுவதும் சரி, செய்வது மட்டும் தப்பு. விளக்கு எரியாது, மணி அடிக்காது. எழுதினவள் என்ன செய்ய நினைத்தாள் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஒரு மனுஷர் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தால்தான் உண்டு. எங்கள் இடத்தில் அந்த மனுஷி நான். பதினோரு வருஷமாக என் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரிகூடப் பெட்டிக்குள் போனதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கம்பைலர்' என்று சொல்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பெட்டி என்றது மூச்சுப் பெட்டியை. அதைத்தான் நாங்கள் செய்கிறோம். நோயாளியின் மார்பில் ஒரு பட்டையைச் சுற்றி ஒட்டினால், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பெட்டியின் திரையில் எண் ஓடும். மூச்சு நின்றால் பதினைந்து விநாடியில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடி வருகிற மாதிரி கத்தும். இவ்வளவுதான் அதன் வேலை. கத்த வேண்டிய நேரத்தில் கத்த வேண்டும்.

இனி வீட்டு விஷயம். என் கணவரும் கொழுந்தனும் கப்பல் வேலைக்காரர்கள். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்துபோவார்கள். வீட்டில் இருப்பது மாமா, அத்தை, நான், என் ஓரகத்தி. மருமகள்களுக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது, நான் பெரியவள், அவள் சின்னவள். சின்னவள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த மறுமாதமே, ஜன்னல் வைத்த மாடி அறை அவளுக்குப் போனது. "அவளுக்குக் காத்து வேணும், சின்னப் பொண்ணு" என்றாள் அத்தை. எனக்கு அதுவரை காற்று வேண்டாமலா இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வைத்திருந்ததெல்லாம் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது.

அவள் கெட்டவள் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்த முகம். எதைச் சொன்னாலும் "சரிங்கக்கா". மாமாவுக்குச் செய்தித்தாள் வாசிக்கும்போது விளம்பரத்தைக்கூட விடாமல் குரல் மாற்றி வாசிப்பாள், அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். எனக்குப் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷர் மாமா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நான் வேலை முடிந்து படியேறினால், "செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, எல்லாரும் டிக்கெட்டைக் கையில எடுத்து வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவரும் அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவுக்கு ஒரு வருஷமாக இதயம் பலவீனம். தூங்கினால் மூச்சு நின்றுவிடும். மூளை மூச்சு விடுவதை மறந்துபோகிறது என்றார் மருத்துவர். "பக்கத்துல ஒரு ஆள் இருந்து தோளைத் தட்டினா போதும், திரும்ப இழுத்துக்குவார். தட்டறதுக்கு ஆள் இல்லாம மட்டும் தூங்க விடாதீங்க" என்றார். இரவில் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டோம். பகல் முழுக்க அத்தைதான். நாற்காலியில் உட்கார்ந்து அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். குளிக்கப் போனால்கூட அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள். கண்ணுக்குக் கீழே மை தடவினது போல ஆகிவிட்டது அவளுக்கு.

பெட்டி ஒன்றை நான் கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். வீட்டில் வைக்கிற மாதிரியான பெட்டி இன்னும் சோதனையில்தான் இருந்தது, என்னிடம் ஒரு விதியும் இருந்தது. சோதனை முடியாத பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது. விதியை எழுதியவளே மீறினால் மற்றவர்களை எந்த வாயால் திட்டுவது?

சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடு என்று அத்தை நச்சரித்து, நானும் வேறு வழியில்லாமல் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் தகுதிகாண் காலம். முடியும்போது, இவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான் எழுதித் தர வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். காரணம்தான் அகப்படவில்லை. அவள் வேலை சுத்தமாக இருந்தது. விளக்கு சிவப்பதே அபூர்வம்.

பதினோராவது வாரத்தில் மணி அடித்தது. சோதனை செய்கிறவர், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மார்புப் பட்டையைக் கழற்றியிருக்கிறார். பட்டை கழன்றால் அதிலுள்ள உணரியிலிருந்து எண் எதுவும் வராது. சின்னவளின் நிரல் வராத எண்ணை எடுக்கப் போய் விழுந்துவிட்டது. முதல் தடவை எல்லாருக்கும் நடக்கிற பிழை. எனக்கும் நடந்திருக்கிறது.

"போய் எழுது" என்றேன்.

அவள் எழுதினாள். 'உணரி எண் தராதபோது எண்ணை எடுக்க முயன்றேன்.' 

"சத்தமா படி."

படித்தாள்.

"பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கலை."

மறுபடியும் படித்தாள்.  யாரோ ஒருவர் எங்கோ பார்த்தபடி இருமினார். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"இன்னும் பதினெட்டு நாள் இருக்கு உனக்கு. அதுக்குள்ள இந்த மணி உன்னால இன்னொரு தடவை அடிச்சா, உன்னை வெச்சுக்கலாம்னு நான் எழுதித் தர மாட்டேன். வீட்டு மனுஷின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"சரிங்கக்கா."

"ஆபீஸ்ல அக்கா கிடையாது."

 அன்று வீட்டில் மாமாவுக்குச் செய்தித்தாளை நான் வாசித்தேன். அவர் நடுவில் தூங்கிப்போனார். நான் தோளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் திருத்தி அனுப்பியது என் பார்வைக்கு வந்தது. கம்பைலர் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏற்றிருந்தது. சோதனை நிரலை இன்டர்பிரெட்டர் என்ற கருவி நானூறு தடவை ஓட்டியிருந்தது, பட்டையைக் கழற்றியும் மாட்டியும். ஒரு தடவைகூட விழவில்லை. நான் வரி வரியாக வாசித்தேன். மூன்றே வரி சேர்த்திருந்தாள். உணரியிலிருந்து எண் வரவில்லையென்றால், கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொள்.

விழாது, உண்மைதான். பட்டை கழன்று தரையில் கிடந்தாலும், மாட்டியிருந்த ஆள் எழுந்து ஊருக்கே போனாலும், கடைசியாக எத்தனை மூச்சோ அதையே திரை காட்டிக்கொண்டிருக்கும். எண் வராவிட்டால் கத்து என்று எழுதியிருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் தலைக்குள் அப்போது மூச்சும் இல்லை, நோயாளியும் இல்லை, சுவரில் தொங்கிய மணி ஒன்றுதான் இருந்தது. மணியின் வாயைக் கட்டுவதாக நினைத்துக்கொண்டு பெட்டியின் வாயைக் கட்டிவிட்டாள். சோதனை நிரலும், விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்தது. அதை அப்படி எழுதியவளும் நான்தான்.

ஒரு சொல் போதும். "இது தப்பு, திருத்து" என்றால் பத்து நிமிஷத்தில் திருத்திவிடுவாள். நான் அந்த மூன்று வரியையும் பார்த்துச் சிரித்தேன். தேடிக்கொண்டிருந்தது மடியிலேயே வந்து விழுந்துவிட்டதே. பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி வாங்கப்போகிற மருத்துவமனை ஆட்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். மேலாளர் முன்னால் நிற்பார். செய்துகாட்டப் போகிறவள் சின்னவள். அப்போது நான் எழுந்து, "ஒரு நிமிஷம், இந்தப் பட்டையைக் கழற்றினா என்ன ஆகும்னு பாக்கலாமா" என்பேன். பட்டையை வெறும் நாற்காலியில் போடுவேன். நாற்காலி நிமிடத்துக்குப் பதினான்கு தடவை மூச்சு விடும். அதற்குப் பிறகு அவள் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க மாட்டாள்.

அதற்கு இந்த நிரல் அன்றுவரை இப்படியே இருக்க வேண்டும். ஒப்புதல் கொடுத்தேன். என் பெயர், தேதி, நேரம், மூன்றும் பதிவாயின. பிறகு யாராவது கேட்டால், கடைசி நாள் மறுபடி பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சின்னவள் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது ஒரு மூச்சுப் பெட்டி.

"என்ன இது?" என்றேன். 

"மேலாளர் குடுத்தாருக்கா. வீட்டுல நோயாளி இருக்கறவங்க கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கன்னார். நீங்க ஒப்புதல் குடுத்ததாலதான் வெளிய விடறேன்னு சொன்னார். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அத்தை சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் மாமியார் இன்டர்பிரெட்டர் ரகம். கம்பைலர் மாதிரி முழுதையும் வாசித்துவிட்டு முடிவு சொல்லும் பொறுமை கிடையாது. இன்டர்பிரெட்டர் ஒரு வரியைப் படிக்கும், அதைச் செய்யும், அடுத்த வரிக்குப் போகும். பத்தாவது வரியில் தப்பு இருந்தால் அதற்குள் ஒன்பது வரியும் ஓடி முடிந்திருக்கும். அவளும் அப்படித்தான், ஒவ்வொரு நிமிஷத்தையும் அந்தந்த நிமிஷத்தில் முழுசாக நம்பிவிடுவாள்.

"பாத்தியா?" என்றாள் என்னிடம். "பதினோரு வருஷமா அங்க குப்பை கொட்டறே. ஒரு பெட்டி கொண்டுவரணும்னு தோணுச்சா உனக்கு? நேத்து வந்த பொண்ணு கொண்டுவந்துட்டா."

அந்த நொடியில் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தை சொன்ன அந்த வார்த்தை உள்ளே போய், வெளியே வரவேண்டியதை மென்று முழுங்கிவிட்டது. இருக்கட்டும், ஆறே நாள் என்று நினைத்தேன். பட்டையும் கழல வேண்டும், அதே சமயம் மூச்சும் நிற்க வேண்டும், அதே சமயம் அறையில் யாரும் இருக்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக நடக்குமா என்ன.

மாமா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உங்க அத்தையை விட இது தேவலை. கத்தறதுக்கு முன்னாடி பதினஞ்சு விநாடி யோசிக்குதாம்" என்றார். சின்னவள் பட்டையை மாட்டிவிட்டாள். திரையில் பதினைந்து, பதினாலு, பதினாறு என்று எண் ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மாமா கன்னத்தை உப்பிக்கொண்டார், பெட்டி வீடே அதிரக் கத்தியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அத்தை தூங்கினாள். ஒரு வருஷத்தில் முதல் பகல் தூக்கம். வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. போனது.

அதற்குப் பதிலாக நான் செய்தது, காலையில் வேலைக்குக் கிளம்புமுன்னும் மாலையில் திரும்பியதும் மாமாவின் மார்புப் பட்டையை இழுத்து ஒட்டிவிடுவது. அவர் ஒருக்களித்துப் படுக்கிறவர். ஒட்டும் பகுதியில் போர்வை நூல் ஏறி, பிடிப்பு விட்டுக்கொண்டே வந்தது. "இன்ஸ்பெக்டரம்மா, மூச்சுக் கணக்கு எடுக்கற பட்டையிலயே மூச்சு முட்டுது எனக்கு" என்பார். "இருக்கட்டும் மாமா" என்பேன். அத்தையிடம், பட்டையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால், ஏன், கழன்றால் கத்தாதா என்று கேட்பாள்.

வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பிவிட்டேன். மறுநாள் நிகழ்ச்சி. மாமா தூங்கிக்கொண்டிருந்தார், அத்தை நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பட்டையைப் பார்க்காமல் போனேன். அன்று ஒரு நாள்தான் பார்க்காமல் போனேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், அது போதுமான நாளாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலி. நான் மட்டும் செய்துகாட்டும் பெட்டியை எடுத்து, பட்டையை என் மார்பிலேயே சுற்றிக்கொண்டு, ஒத்திகை பார்த்தேன். எண் ஓடியது. பதினாறு, பதினைந்து, பதினான்கு. பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். பதினான்கு. எழுந்து நடந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். பதினான்கு. டீ வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்து குடித்தேன். வெறும் நாற்காலி அலுக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு எல்லார் முகமும் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதியாக டீ குடித்து எத்தனையோ நாளாயிற்று. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது.

போன் அடித்தது. அத்தை.

"பெரியவளே, பெட்டி நல்லாத்தான் காட்டுது. பதினாலுன்னு காட்டுது. ஆனா மாமா எழுந்திரிக்க மாட்டேங்கறார். தட்டித் தட்டிப் பாக்கறேன். உதடு நீலமா இருக்கு. பெட்டி சரியாத்தானே காட்டும்? பதினாலுன்னா மூச்சு இருக்குன்னுதானே அர்த்தம்?"

என் எதிரிலும் பதினான்கு.

"பட்டையைப் பாருங்க அத்தை" என்றேன்.

"பட்டை முதுகுக்கு அடியில கிடக்கு."

மாமா பிழைத்தார். அப்படித்தான் மருத்துவமனையில் சொன்னார்கள், பிழைத்துவிட்டார் என்று. மூளைக்கு எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ காற்றுப் போகவில்லை. இதயம் துடிக்கிறது, மூச்சு ஒரு குழாய் வழியாகப் போகிறது, கண் திறந்திருக்கிறது. நம்மைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிற கண். "இனிமே இப்படித்தானா?" என்று கேட்டதற்கு மருத்துவர் ஆமாம் என்றார்.

அத்தை வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னாள். "ரெண்டு தடவை எட்டிப் பாத்தேன். ரெண்டு தடவையும் பதினாலு. சத்தம் கேட்டு எழுந்துடப் போறாரேன்னு கதவை மெதுவாச் சாத்திட்டு வந்தேன்." கதவைச் சாத்துவது போலக் கையால் செய்து காட்டுவாள், மெதுவாக.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமை மேலாளர் அறையில் விசாரணை. சின்னவள் நிரலைத் திரையில் திறந்து, தானே அந்த மூன்று வரியையும் சுட்டிக்காட்டினாள். நான்கு நாளாகத் தூங்காத முகம்.

"ஏன் இப்படி எழுதினே?" என்றார் மேலாளர்.

"மணி அடிச்சிடக் கூடாதுன்னு, சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துத்தானே ஒப்புதல் குடுத்தீங்க?"

 "பாத்தேன் சார். அன்னிக்கு மட்டும் முப்பது கோப்பு. இது இலக்கணப் பிழையா இருந்தா கம்பைலரே பிடிச்சிருக்கும், விழுந்திருந்தா மணி அடிச்சிருக்கும். இது ரெண்டும் இல்லை. என் கண்ணுல படலை."

"மனுஷக் கண்ணுதானே" என்றார் அவர். பதினோரு வருஷ உழைப்பு எனக்காக வந்து பேசியது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மணியைக் கழற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். பிறகு பேசலாம் என்றேன்.

வீட்டில் அத்தை பத்தாவது வரிக்கு வந்துவிட்டாள். சின்னவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றாள். "ஆளைக் கொல்லற பெட்டியை ரெண்டு கையில ஏந்திட்டு வந்தியே, உன் கை விளங்குமா?" என்று, அவள் எதிரில் வரும்போதெல்லாம் கேட்டாள். கப்பலிலிருந்து கொழுந்தன் போன் செய்து சின்னவளிடம் இரண்டே வார்த்தை பேசிவிட்டு வைத்தான். என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும் அத்தையின் குரல் இறங்கும். "பெரியவ செஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா. விதி விதின்னு அவ பேசினப்போ எனக்குப் புரியலையே" என்பாள். ஜன்னல் அறையை எனக்கு ஒழித்துத் தரச் சொன்னாள். சின்னவள் ஒரு மறுப்பும் சொல்லாமல் தன் துணிகளைக் கீழே எடுத்து வந்தாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது.

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள் காலை. அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் துணியைக் கண்டாலே, "இன்ஸ்பெக்டர் கழுத்தைப் பிடிக்கறாங்க, காப்பாத்துங்க" என்று சத்தம் போடுவார். இப்போது தாடையைப் பிடித்துத் திருப்பினால் திரும்புகிறது, விட்டால் விட்ட இடத்தில் நிற்கிறது. சின்னவள் கதவருகே வந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"அக்கா, நான் வேலையை விட்டுடறேன். எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். கடிதம் எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்துக் குடுங்க. நான் எழுதினா ஏதாவது தப்பு இருக்கும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரு பக்கக் கடிதம். என் கவனக்குறைவால் ஒரு மனிதரின் வாழ்க்கை அழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். இனி எந்த இடத்திலும் நிரல் எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தாள். கடைசிப் பத்தி என்னைப் பற்றியது. 'என் நிரலைச் சரிபார்த்த மூத்தவர் மீது எந்தக் குறையும் இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாதபடி நான் அந்தப் பிழையை எழுதியிருந்தேன். அவர் கண்ணில் பட்டிருந்தால் நிச்சயம் தடுத்திருப்பார்.'

இரண்டு தடவை வாசித்தேன். என்னிடம் வருகிற எதையும் இரண்டு தடவை வாசிப்பது பழக்கம். தலை நிமிர்ந்தால் மாமாவின் கண் திறந்திருந்தது. தாடையை நான் எந்தப் பக்கம் திருப்பிவிட்டேனோ அந்தப் பக்கம், என் பக்கம்.

சின்னவள் காத்துக்கொண்டு நின்றாள். பாவம், பயந்துகொண்டுதான் நின்றாள், பலகைக்கு முன்னால் நின்ற மாதிரி.

"தேதி மட்டும் தப்பா போட்டிருக்கே" என்றேன். "இன்னிக்கு ஒன்பது. எட்டுன்னு இருக்கு."

"மத்ததெல்லாம் சரியா இருக்காக்கா?"

"மத்ததெல்லாம் சரி."

அவள் கட்டில் விளிம்பில், மாமாவின் காலுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, எட்டை அடித்துவிட்டு ஒன்பது என்று திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டாள்.